தொட்டியில் எழுதிய தேதி

தமிழ்வாணி எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் அல்ல. வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போடுவாள். அவள்மேல் உள்ள குற்றமே அதுதான். படிக்காமல் போட்டிருந்தால், ஏமாந்துவிட்டாள் பாவம் என்று விட்டுவிடலாம்.

முதல் கையெழுத்தைப் பதினேழு வயதில் போட்டாள். மதுரையில் கல்லூரியில் சேரும்போது, விண்ணப்பத்தோடு ஒரு உறுதிமொழித் தாளும் கொடுத்தார்கள். ‘கல்லூரிக்கு உள்ளேயோ வெளியேயோ எந்தப் போராட்டத்திலும், கூட்டத்திலும், மனுக் கொடுப்பதிலும் கலந்துகொள்ள மாட்டேன். மீறினால் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பச் சம்மதிக்கிறேன்.’ பக்கத்தில் அப்பா கருப்பு நின்றார். வாடிப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக உடம்பைத் தேய்த்தவர். எழுத்து தெரியாது.

“என்னத்தா போட்ருக்கு?”

“ஒழுங்கா இருப்பேன்னு போட்ருக்குப்பா.”

“அது சரிதான,” என்று அவர் பெருவிரலை நீட்டினார்.

வாயைத் திறக்க மாட்டேன் என்பதற்கு ஒழுங்கு என்று அவள்தான் அர்த்தம் சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வயதிலேயே அது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும்படி வைத்திருக்கிறோமே, அதற்கு யார் வெட்கப்படுவது?

படித்தாள். நுண்ணுயிரியலில் முதுகலையும் அதற்கு மேல் ஒரு பட்டமும் வாங்கினாள். திருமங்கலத்தில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் சிவபாண்டியைக் கட்டிக்கொண்டு திருநகரில் குடியேறினாள். ஒரு மகள். பூங்காவனம் அம்மாள் மகளிர் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் ஒன்பது வருடம் ஆசிரியை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக ஆர்டர் கொடுப்பார்கள். கொடுக்காமலும் இருக்கலாம். அதனால் ஜூன் தாண்டும்வரை அந்தக் கல்லூரியில் சுயநிதி ஆசிரியை ஒருத்தியும் உரக்கத் தும்மமாட்டாள்.

நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு அதிகாரி வேண்டும் என்றபோது நிரந்தர ஆசிரியர்கள் எல்லோருக்கும் முதுகுவலி வந்துவிட்டது. தமிழ்வாணியைப் போட்டார்கள். ஆர்டரில் அழகாக எழுதியிருந்தது: ‘மாணவியரைக் குடிமைப் பணிகளில் ஈடுபட ஊக்குவிக்கும் பொருட்டு.’

அந்த ஊக்குவிப்பு எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாக்காளர் தினத்தன்று வெயிலில் நிறுத்தி, வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். போட்டோவில் கடைசி வரிசை விழவில்லை என்றால் மறுபடியும் எடுக்க வேண்டும். ஒரு வருடம் மூன்று தடவை எடுத்தார்கள். மனிதச் சங்கிலி, துணிப்பை ஊர்வலம், கோலப்போட்டி. இருபது வயதுப் பெண் நாட்டுக்கே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஹாஸ்டல் சாம்பாரில் பூச்சி கிடக்கிறது என்று நாலு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். கைக்குழந்தையைக் கடைசிவரை இடுப்பிலேயே தூக்கிவைத்துக்கொண்டு, பிள்ளைக்கு நடக்கத் தெரியவில்லையே என்று ஊரெல்லாம் புலம்புகிற தாயைப் போன்றது இது.

தமிழ்வாணி ‘குடிமைப் பொறுப்பு’ என்று ஒரு பாடமும் நடத்தினாள். தேர்வில் கேள்வியும் போட்டாள்: ‘பொதுச் சொத்தில் ஒரு குறையைக் கண்டால் குடிமகளின் கடமை என்ன? பத்து மதிப்பெண்.’ இரண்டாம் ஆண்டு மாயக்காள் என்ற பெண் மூன்று பக்கம் எழுதினாள். கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டும், பெயர் போட்டுச் சொல்ல வேண்டும் என்று. தமிழ்வாணி ஒன்பது போட்டாள்.

மாயக்காள் சுவர் விளம்பரம் எழுதும் நல்லகாமனின் மகள். குலதெய்வத்தின் பெயர். கல்லூரியில் மாயா என்று சுருக்கிவிட்டார்கள். அப்பனின் கை அப்படியே மகளுக்கு. கோடு போடாமல் எழுதினாலும் எழுத்து நூல் பிடித்தமாதிரி நிற்கும்.

பிப்ரவரியில் வாடிப்பட்டி தாண்டி வாகைப்பட்டி என்ற கிராமத்தில் ஏழு நாள் முகாம். அது கல்லூரி தத்தெடுத்த கிராமம். அதாவது, வருடத்தில் ஏழு நாள் பெற்ற பிள்ளை. முகாம் அறிக்கையை முகாமுக்கு முன்பே எழுதிவிடுவது அந்தக் கல்லூரியின் வழக்கம். போன வருட அறிக்கையை எடுத்து, வருடத்தையும் தேதிகளையும் மாற்றி, போட்டோ ஒட்ட இடம் விட்டு, கையெழுத்து வாங்கி வைத்துவிட வேண்டும். முகாம் முடிந்த அன்றே மேலே அனுப்பலாம். ‘ஐந்தாம் நாள், 13.2.2025: குடிநீர் மேல்நிலைத் தொட்டியை மாணவியர் தூய்மை செய்தனர்’ என்ற வரியைத் தமிழ்வாணி படித்தாள். அறுபதடி உயரத் தொட்டியில் பிள்ளைகளை ஏற்ற முடியாது. தூண்களுக்கு வர்ணம் அடிப்பதும் ஒருவிதத் தூய்மைதானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அதன் நகல் ஒன்று, முகாமுக்கு அனுமதி கேட்ட கடிதத்தோடு ஊராட்சி அலுவலகத்துக்கும் போயிற்று.

ஐந்தாம் நாள் காலை. தூண்களுக்கு நீல வர்ணம் அடித்து, அடிச்சுவரில் இருந்த கறுப்புக் கட்டத்துக்கு மேலே ‘நீரைச் சேமிப்போம்’ என்று மாயக்காள் எழுதி முடித்திருந்தாள். ஊராட்சிச் செயலர் வெள்ளைத்துரை வண்டியை நிறுத்தாமலே காலை ஊன்றி நின்று ஒரு சீட்டை நீட்டினார்.

“பாப்பா, எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே! இந்தா, அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள்ள இந்தத் தேதி ரெண்டையும் எழுதிரு. சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள்.”

வண்டி போய்விட்டது. அடியில் வால்வைத் திருகிக்கொண்டிருந்த தொட்டி ஆபரேட்டர் கருத்தக்கண்ணனிடம் மாயக்காள் கேட்டாள்: “அண்ணே, யாருண்ணே ஏறிக் கழுவினா?”

“ஏணில நாலு படியக் காணாம். எனக்கு முட்டியக் காணாம். இதுல யாரு ஏறுறது?” என்று அவர் சிரித்தார்.

“அப்ப கடைசியா எப்பக் கழுவுனீக?”

“எங்க அக்கா மக கலியாணத்துக்கு மொத நாளு. நல்லா ஞாபகம் இருக்கு, இறங்கி வந்து நேரா பந்தக்கால்தான் ஊண்டுனேன். பத்திரிகைகூட வீட்ல சாமி படத்துக்குப் பின்னாடி கெடக்கும்.”

“எடுத்துட்டு வாங்கண்ணே.”

விளையாட்டாகத்தான் எடுத்து வந்தார். பத்திரிகையில் தேதி இருந்தது. அதில் ஒரு நாளைக் கழித்து, மாயக்காள் கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை வர்ணத்தில் எழுதினாள்: ‘சுத்தம் செய்த நாள்: 9.11.2022.’ இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு முந்திய தேதி. அடுத்து சுத்தம் செய்யும் நாளை வெறுமையாக விட்டாள். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

தண்ணீர் பிடிக்க வந்த சுந்தரம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் வீட்டில் மூன்று பேருக்கு அந்த மாதம் வயிற்றுப்போக்கு. “ஓஹோ, வெயிலு சூடுன்னு சொன்னாய்ங்களே, இந்தச் சூடுதானா?” என்றாள். செல்போனில் படம் எடுத்து ஊர்க் குழுவில் போட்டாள். மாலைக்குள் அது நாலு ஊர் சுற்றி, வட்டார அலுவலகம்வரை போய்விட்டது.

மறுநாள் காலை கல்லூரிச் செயலாளர் அசோக்குமார் தமிழ்வாணியைப் போனில் கூப்பிட்டார்.

“என்ன மேடம், ஊருக்கு நல்லது பண்ணப் போனீங்களா, ஊரைக் கூட்டப் போனீங்களா? அடுத்த மாசம் தரமதிப்பீட்டுக் குழு வருது. தத்தெடுத்த கிராமத்தைப் பாக்கணும்பாங்க. அந்தப் பொண்ணு மன்னிப்புக் கடிதம் எழுதணும். சுவத்துல தேதிய மாத்தணும். இல்லைன்னா ஏப்ரல் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. வாங்கித் தர்றது உங்க பொறுப்பு.”

ஹால் டிக்கெட் இல்லை என்றால் ஒரு பருவம் போய்விடும். ஒரு பருவம் போனால் உதவித்தொகை நின்றுவிடும். அது நின்றால் நல்லகாமன் வீட்டில் அடுத்த பேச்சு மாப்பிள்ளை பார்ப்பதாகத்தான் இருக்கும். தமிழ்வாணிக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். அதனால் முகாம் முடிந்து வந்த உடனே மாயக்காளை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டு, நேராகச் சொன்னாள்.

“எழுதிக் குடுத்துட்டுப் போ மாயா. ரெண்டு வரிதான். பரீட்சைதான் முக்கியம்.”

“மேம், நான் பேப்பர்ல எழுதுனதுக்கு ஒன்பது மார்க் போட்டீங்க. அதையே சுவத்துல எழுதுனா மன்னிப்பா?”

“பேப்பர் வேற, வெளிய வேற.”

“அப்படின்னா அதையும் சிலபஸ்ல போட்டிருக்கலாம்ல மேம்?” என்றாள் அவள். குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். பிறகு பையிலிருந்து வெள்ளைத்துரை கொடுத்த சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். “அவர் எந்தத் தேதிய எழுதச் சொன்னாருன்னு பாருங்க மேம்.”

13.2.2025.

“அன்னைக்குக் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் தொட்டிக்கு அடியில நாமதான மேம் இருந்தோம்? நமக்குத் தெரியாம யாரு கழுவியிருப்பா? போன்ல கேட்டேன். உங்க காலேஜ் ரிப்போர்ட்லதான் போட்டிருக்கு, நீங்களே கழுவுனீங்கன்னு, அதைப் பாத்துத்தான் குடுத்தேன்னு சொல்றாரு.”

தமிழ்வாணி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊராட்சியில் பொய்த்தேதி எழுதுகிறார்கள் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். பொய் அங்கே பிறக்கவில்லை. அவளுடைய மேசையில், அவளுடைய பேனாவில் பிறந்து, கல்லூரி முத்திரையோடு அங்கே போயிருக்கிறது.

மாயக்காள் இன்னொன்றும் வைத்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்துப் போன சுத்தம் செய்த பாட்டில். முகாமிலிருந்து கிளம்பிய அன்று காலையில் குழாயடியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த தண்ணீர். “சோதிச்சுப் பாக்கலாமா மேம்?”

ஒன்பது வருடமாகத் தமிழ்வாணி அந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுக்கிறாள். தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. இருந்தால் சோதனைக் குழாய்களுக்குள் காற்றுக் குமிழி கட்டும். ஒன்பது வருடமும் சோதித்தது கல்லூரியின் சுத்திகரித்த தண்ணீர். குமிழி வராது. ‘வராவிட்டால் நல்ல தண்ணீர்’ என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். கல்லூரி வாசலைத் தாண்டி ஒரு தெருக்குழாயில் பிடித்து வா என்று ஒரு வருடமாவது சொன்னாளா? சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் ‘நீர் மாதிரி’ என்றுதான் இருந்தது, ‘யார் குடிக்கும் நீர்’ என்று இல்லை.

அந்தத் தண்ணீரைச் சோதனைக்கு வைத்தாள். இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தாள். எல்லாக் குழாயிலும் குமிழி.

திங்கட்கிழமை செயலாளர் அறையில் கூட்டம். முதல்வர் அம்மாள் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் வர்ணத்தோடு நல்லகாமன் நின்றார். நாற்காலி இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. வெள்ளைத் தாளும் பேனாவும் மாயக்காளுக்கு முன்னால் தயாராக இருந்தன.

“சார், பிள்ளை தெரியாமப் பண்ணிருச்சு.”

“தெரிஞ்சுதாம்ப்பா பண்ணேன்.”

“சும்மா இரு தாயி.” நல்லகாமன் செயலாளரைப் பார்த்துக் கைகட்டினார். “நான் முப்பது வருசமா சுவத்துல எழுதுறவன் சார். எல்லாக் கட்சிக்கும் எழுதியிருக்கேன். உங்கள் வாழ்வு மலரன்னு எழுதுவேன். யாரு வாழ்வு மலந்துச்சுன்னு திரும்பப் போயிப் பாத்ததில்ல. சொன்னத எழுதணும், ஏணிய எடுத்துக்கிட்டுப் போகணும். அம்புட்டுத்தான். இவளுக்கு அது புரியமாட்டேங்குது.”

அசோக்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “விவரமான ஆளா இருக்கீங்களே! அப்ப ஒண்ணு பண்ணுங்க. பொண்ணு கடிதம் குடுக்கட்டும். நீங்களே போயி அந்தத் தேதிய மாத்தி எழுதிருங்க. வேலையும் முடிஞ்சது.”

“செஞ்சிருவோம் சார். என்ன தேதி போடணும்?”

“பிப்ரவரி பதிமூணு.”

நல்லகாமன் வழக்கமாக வேலை கேட்கும் தோரணையில் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். “பதிமூணாந்தேதி யாரு சார் கழுவுனது?”

“அது ரிப்போர்ட்ல இருக்குய்யா.”

“இல்ல சார், கட்சிக்காரவுக இனிமே செய்வோம்னுதான் எழுதச் சொல்வாக. செய்யாட்டி அவுக பாடு. இது செஞ்சாச்சுன்னு எழுதச் சொல்றீக. அந்தத் தண்ணிய நாளைக்கு ஒரு பிள்ளை குடிச்சு ஏதாச்சும் ஆச்சுன்னா, எழுதுன கை என் கையில்ல?”

மின்விசிறிக் காற்றில் வெள்ளைத் தாளின் ஓரம் படபடத்தது. தமிழ்வாணி எழுந்து போய், மாயக்காளுக்கு முன்னால் இருந்த அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ரிப்போர்ட்ல இருக்கிறது என் கையெழுத்து சார். கடிதமும் நான்தான் எழுதணும்.”

நின்றபடியே எழுதினாள். ‘வாகைப்பட்டி முகாம் அறிக்கையில் 13.2.2025 அன்று குடிநீர்த் தொட்டி தூய்மை செய்யப்பட்டதாக உள்ள வரி உண்மையல்ல. முகாம் தொடங்கும் முன்பே அதில் நான் கையெழுத்திட்டேன். மாணவி மாயக்காள் தொட்டியில் எழுதிய தேதியே உண்மையானது. தண்ணீரைச் சோதித்த முடிவை இணைத்துள்ளேன். மக்கள் காய்ச்சிக் குடிக்கும்படி உடனே தெரிவிக்க வேண்டும்.’ ஒருமுறை படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

“மேடம், நீங்க மாணவிகளைத் தூண்டிவிடுறீங்க,” என்றார் அசோக்குமார். இப்போது சிரிக்கவில்லை.

“ஊக்குவிக்கத்தான சார் என்னைப் போட்டீங்க? ஆர்டர்ல இருக்கு.”

அதோடு நிற்கவில்லை அவள். கடிதத்தை மேசையில் விட்டுவிட்டு வந்தால் குப்பைக்கூடைக்குப் போகும் என்று தெரியும். நேராக அலுவலகத்துக்குப் போய் நகல் எடுத்து, பதிவெழுத்தர் மீனாவிடம் நீட்டி, “வரவுல ஏத்தி நம்பர் போட்டு, நகல்ல சீல் வச்சுக் குடுங்க மீனா,” என்றாள்.

மீனா படித்தாள். கதவைப் பார்த்தாள். “ஜூன் வருதே மேம்,” என்றாள் மெதுவாக.

“வரட்டும்.”

மீனா சீலை எடுத்து, மையில் நன்றாக ஒற்றி, ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

ஹால் டிக்கெட் வந்தது. நியாயத்தால் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். வரவு எண் விழுந்த கடிதம் ஒன்று கோப்பில் இருக்கும்போது, மதிப்பீட்டுக் குழு வரும் மாதத்தில் ஒரு பெண்ணின் ஹால் டிக்கெட்டை நிறுத்தினால் கேள்வி வரும் என்று முதல்வர் அம்மாளுக்குப் பயம் வந்தது. பயத்தால் வந்தது. மாயக்காள் எல்லாத் தாளும் எழுதினாள். நலப்பணிச் சான்றிதழ் மட்டும் கொடுக்கவில்லை. ‘ஒழுங்கு குறைவு’ என்று காரணம் எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தபோது தமிழ்வாணிக்கு அப்பாவின் பெருவிரல் நினைவுக்கு வந்தது.

மார்ச் முதல் வாரத்தில் வட்டார அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து ஏணிக்குப் படி வைத்து, தண்ணீரை இறக்கிவிட்டுத் தொட்டியைக் கழுவினார்கள். பதினோரு சட்டி சேறும், ஒரு புறாக்கூடும், யாருடையதோ ஒரு செருப்பும் வந்தன. சுந்தரம்மாள் பக்கத்தில் நின்று எண்ணினாள். பிளீச்சிங் பவுடர் போட்டு, ஊறவைத்து, கழுவி இறக்கி முடிந்த பிறகு நல்லகாமன் ஏணியோடு வந்தார். கூலி கேட்கவில்லை. அன்றைய தேதியை எழுதினார். அடுத்த தேதியை வெறுமையாக விடலாம் என்றார் வெள்ளைத்துரை.

“அதெப்படி விடுறது? பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா கழுவணும்னு நீங்கதான சொல்றீக? எழுதுங்கண்ணே,” என்றாள் சுந்தரம்மாள். நல்லகாமன் எழுதினார். ஒவ்வொரு தடவை கழுவியதும் தேதிகளை மாற்றி எழுதும் வேலை மாயக்காளுடையதானது.

ஜூனில் தமிழ்வாணிக்கு ஆர்டர் வரவில்லை. காரணம் சொல்லவில்லை, கேட்கப் போனபோது உட்காரச் சொன்னார்கள், அவ்வளவுதான். கல்லூரி ஆண்டு மலர் மட்டும் தபாலில் வந்தது. நீலத் தூண்களின் போட்டோ, கறுப்புக் கட்டம் தெரியாதபடி வெட்டி எடுத்தது. கீழே: ‘குடிநீர்த் தொட்டியை மாணவியர் தூய்மை செய்தனர்.’ பக்கத்துப் பக்கத்தில் உறுதிமொழி எடுக்கும் வரிசை. எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

திருமங்கலத்தில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். ஆகஸ்டில் ஒரு நாள் பதினொரு மணிக்குப் போன் வந்தது.

“டீச்சரு, சுந்தரம்மா பேசுறேன். இன்னைக்குத்தான் தொட்டில போட்டிருக்கிற தேதி. மணி பதினொண்ணு ஆச்சு, ஒருத்தனும் ஏறல.”

“யாரெல்லாம் இருக்கீங்க?”

“ஊராட்சி ஆபீசு வாசல்ல நாங்க ஒரு பதினேழு பேரு குடத்தோட நிக்கிறோம். ஒங்க மாயா காலேசுக்குப் போகாம வந்துட்டா. அவ கூடப் படிக்கிறவளுக நாலு பேரு வேற.”

“செயலரு?”

“உள்ள இருக்காரு. கதவச் சாத்திக்கிட்டு, ஆளு இல்லாத மாதிரி இருக்காரு. பேன் ஓடுறது வெளிய கேக்குது.”

“வாசல்லயே உக்காருங்க. மாயாவ மனு எழுதச் சொல்லுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. படிக்கத் தெரியாதவுகளுக்கு வாசிச்சுக் காட்டிட்டு, என்ன போட்ருக்குன்னு உள்ளது உள்ளபடி சொல்லிட்டு, அப்புறம் கைநாட்டு வாங்குங்க. சீல் வச்ச நகல் வாங்காம எந்திரிக்காதீங்க.”

“நீங்க வர்றீகளா?”

“வாரேன்.”

போனை வைத்துவிட்டு அரைநாள் விடுப்புச் சீட்டை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினாள். அதைப் பார்த்தாள். அடித்துவிட்டு, ‘வாகைப்பட்டி தண்ணீர்த் தொட்டி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.